தரகும் பரக்கத்தும்: ஒரு பிளாட் விற்ற ஆறு மாதங்கள்



நபித்தோழர் கைஸ் பின் அபீ ஃகரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. மதீனாவின் கடைத்தெருவில் வாங்கி விற்றவர்களை மக்கள் அந்நாளில் 'ஸமாஸிரா' என்று அழைத்து வந்தார்கள். தரகர்கள் என்பது அதன் பொருள். அவ்வழியே வந்த அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் அதைவிட நல்ல பெயரைச் சூட்டி, வணிகர்களே என்று அவர்களை விளித்தார்கள். வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமிடுதலும் வந்து சேர்ந்துவிடுவதால், அதனோடு தர்மத்தையும் கலந்துகொள்ளுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். வீடு விற்கப் புறப்பட்ட பிறகுதான் இந்தச் செய்தியின் அருமை எனக்கு விளங்கிற்று. தரகர் என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் கெட்ட பெயரும், தரகரின்றி ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது என்ற நம்பிக்கையும் ஒன்றாகவே வாழ்வதைக் கடந்த ஆறு மாதங்களாகப் பார்த்தேன்.

எங்கள் ஊர் திருப்பூர். பின்னலாடைத் தொழிலை 1920-களில் இங்கே தொடங்கி வைத்த முன்னோடிகளில் குலாம் காதர் என்ற முஸ்லிம் வணிகரின் பெயர் முதலில் பேசப்படும். இன்று நம்மவர்களில் பெரும்பாலோர் பெரிய ஏற்றுமதியாளர்கள் அல்லர். சிறிய தையல் கூடங்கள், செக்கிங், காஜா பட்டன், காதர்பேட்டையில் ஒரு கடை என்ற அளவில் பிழைப்பவர்களே அதிகம். என் கணவரும் அவ்வாறே ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்கள் சிலவற்றை வைத்து ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவர். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீத வரி விதித்தபோது, அவருக்குத் துணி கொடுத்து வந்த கம்பெனி வெட்டிய துணிகளை வெட்டியபடியே அடுக்கி வைத்தது. மூன்று வாரங்கள் இயந்திரங்கள் ஓடவில்லை. ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைக் கூலி நிற்கவில்லை. அதற்கு என் வளையல்கள் போயின. ஆனால் நூல் கடைக்கும் எலாஸ்டிக் கடைக்கும் கட்டட வாடகைக்கும் நின்ற பாக்கி பதினெட்டு லட்சத்தைத் தொட்டுவிட்டது.

காங்கேயம் சாலைப் பக்கம் மூன்றாம் மாடியில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு பிளாட் இருந்தது. 'எங்களுக்கு' என்பது வாய்ப் பழக்கம். அது என் பெயரில் இருந்தது. அத்தா வஃபாத்தான பிறகு அவருடைய நிலத்தில் எனக்கு வந்த வாரிசுப் பங்கைக் கொண்டு 2013-இல் இருபத்து நான்கு லட்ச ரூபாய்க்கு வாங்கியது. கணவர் அதை விற்கச் சொல்லவில்லை. அந்த ஒன்றை நான் முதலிலேயே எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் படிப்பவர்கள் அவரைத் தவறாக எண்ணிவிடக்கூடும். விற்கலாம் என்று சொன்னவள் நான். மாமியார் தனியே இருக்கும் பழைய வீட்டுக்கே போய்விடலாம் என்று முடிவாயிற்று.

முதல் ஒரு மாதம் தரகர் யாரையும் அணுகவில்லை. சொத்து விற்பனை இணையதளம் ஒன்றில் படங்களுடன் விளம்பரம் கொடுத்தோம். முதல் நாளே பதினொரு அழைப்புகள் வந்தன. அவற்றில் ஒன்பது, வாங்குபவர்போலப் பேசத் தொடங்கி, ஐந்தாவது நிமிடத்தில் 'பார்ட்டி நம்மகிட்ட இருக்குங்க' என்று முடிந்தவை. மீதி இரண்டு பேரில் ஒருவர் வந்து பார்த்தார். நான் விலையைச் சொல்லத் தொடங்கியதும், "பாயைக் கூப்பிடுங்கம்மா, அவர்கிட்டப் பேசிக்கிறோம்" என்றார். பத்திரம் என் பெயரில் இருக்கிறது என்று சொன்னேன். சிரித்துவிட்டு, அது இருக்கட்டும் என்றார். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் சரக்கைச் சிரியாவுக்கு அனுப்பிய வரலாற்றை மேடைதோறும் கேட்டு வளர்ந்த சமுதாயத்தில்கூட, ஒரு பெண் தன் சொத்துக்குத் தானே விலை சொன்னால் அறையில் உள்ளவர்கள் ஆணைத் தேடுகிறார்கள். கணவர் தேநீர்க் குவளையுடன் வந்து, "அவங்க சொல்றதுதான் விலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பின்னர் ஒரு தரகர் வந்தார். அவர் கேட்டது 2 சதவீதம். இத்தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தரகு வாங்குவதே ஆகாது என்று நம் வீடுகளில் சிலர் எண்ணுகிறார்கள். அதற்கு ஓர் அடிப்படையும் காட்டுவார்கள். சரக்கைக் கொண்டுவரும் கிராமவாசிக்காக நகரவாசி விற்றுக் கொடுக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியை, அவருக்குத் தரகராக ஆகக் கூடாது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆனால் இமாம் புகாரி அவர்கள் கூலி பற்றிய பகுதியில் தரகர் கூலிக்கென்றே ஒரு பாடத்தைத் தனியாக அமைத்து, இப்னு ஸீரீன், அதாஉ, இப்ராஹீம், ஹஸன் ஆகியோர் அதில் குற்றம் காணவில்லை என்று பதிவு செய்திருக்கிறார்கள். இதைவிட வியப்பான ஒன்றும் அங்கே உண்டு. இந்தத் துணியை இன்ன விலைக்கு விற்றுக் கொடு, அதற்கு மேல் கிடைப்பது உனக்கு என்று சொல்வதில் தவறில்லை என்று அதே இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாக அந்தப் பாடத்தில் உள்ளது. பிற்காலச் சட்ட அறிஞர்களில் பலர் கூலி எவ்வளவு என்று தெரியாத காரணத்தால் இம்முறையை விரும்பவில்லை. ஆனாலும் ஒன்று தெளிவு. மேலே கிடைப்பது உனக்கு என்று உடைமையாளர் அறிந்து சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் தரகர் செய்தது அதன் மறுபக்கம். என்னிடம் முப்பத்தெட்டு லட்சத்துக்கு மேல் இந்தப் பகுதியில் போகாது என்றார். அதை எனக்கு உணர்த்துவதற்காக ஒரே வாரத்தில் மூன்று பேரை அழைத்து வந்தார். மூவரும் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு முப்பத்து நான்கு, முப்பத்தைந்து என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு நாள் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி பள்ளிவாசல் வாயிலில் என் கணவரைக் கண்டு, உங்கள் பிளாட்டுக்கு நாற்பத்து மூன்று சொல்கிறார்களே, கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று கேட்டார். முப்பத்தெட்டுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் இடையே இருந்த ஐந்து லட்சம் யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. இரு தரப்பிலும் தரகு, அதற்குமேல் நடுவில் இது.

வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள் என்பது நாம் அறிந்ததே. விற்பவரை நம்பிக்கை இழக்கச் செய்ய ஆள் அனுப்பி விலையை இறக்குவது அதன் உடன்பிறப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. இத்தகைய மறுவிற்பனைத் தரகர்களைக் கேள்வி கேட்பதற்குச் சட்டமும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தரகர்களைப் பதிவு செய்யச் சொல்கிறதே என்று கேட்கலாம். அந்தக் கட்டாயம் அச்சட்டத்தின் கீழ்ப் பதிவான கட்டுமானத் திட்டங்களில் விற்பனைக்குத் துணை நிற்போருக்கு. பன்னிரண்டு ஆண்டுகள் பழைய ஒரு பிளாட்டை விற்றுத் தருகிறேன் என்று வீட்டு வாசலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் அந்த வலைக்கு வெளியே இருக்கிறார்.

அந்தத் தம்பியே நாற்பத்து மூன்றுக்கு வாங்க முன்வந்தார். ஒரு நிபந்தனையுடன். இருபத்தெட்டு லட்சத்துக்குப் பத்திரம், பதினைந்து லட்சம் ரொக்கம். இதில் அவருக்கு என்ன ஆதாயம் என்று கணக்குப் பார்த்தேன். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதினைந்து லட்சத்தை மறைத்தால் ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் அவருக்கு மிச்சம். அரசின் வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைவிடக் குறைவாக இருக்கும் இடங்களிலெல்லாம் இது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. வட்டி என்றால் பதறுகிறவர்கள்கூட இதைச் சாமர்த்தியம் என்கிறார்கள். இருபத்தெட்டு லட்சத்துக்கு விற்றேன், முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிய தாளில் கட்டை விரலை வைத்துச் சார்பதிவாளர் முன்னிலையில் ஆம் என்று சொல்வது பொய்ச் சாட்சியம் அல்லாமல் வேறு என்ன? சட்டப்படியும் அதில் பெரிய ஆபத்து இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின்படி அசையாச் சொத்து விற்பனைக்காக இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது. பெற்றால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க இடமுண்டு. கொடுத்தவருக்கல்ல, வாங்கிய எனக்கு. மறுத்துவிட்டோம். அந்தத் தம்பி வருத்தப்பட்டார், பகைக்கவில்லை.

இரண்டாவதாக வந்தவர் எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர். ஒரு காலத்தில் சாயப்பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலை இழந்து, சைக்கிளில் வீடு காட்டத் தொடங்கியவர். அவர் முதல் நாள் விலையே பேசவில்லை. "குத்தம் குறை என்னென்ன இருக்குதுங்கம்மா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்று கேட்டார். பின்பக்கக் குளியலறைக் கூரையில் ஐப்பசி மழையில் ஈரம் கசியும் என்றேன். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் என்றேன். நொய்யல் கரையில் வாழும் நமக்கு இந்த உப்பின் வரலாறு தெரியாததல்ல. கார் நிறுத்துமிடம் வாய்ச்சொல்லாகத் தரப்பட்டதே தவிரப் பத்திரத்தில் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, வருகிறவர்களிடம் தாமே முதலில் சொல்லிவிடுவதாகக் கூறினார். நான் முஸ்லிம், எனக்கு ஹதீஸ் தெரியும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்துப் பொய் சொன்னால் அது அழிந்துவிடும் என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிப்பதைப் பலமுறை படித்திருக்கிறேன். நெற்றியில் திருநீறு அணிந்த அந்தப் பெரியவர் அதைத் தம் தொழிலின் முதல் பாடமாக வைத்திருந்தார். சொன்னபோது, "அப்புறமா தெரிஞ்சா நம்ம பேருதானுங்க கெட்டுப் போகும்" என்பதே அவர் தந்த காரணம்.

அவரிடம் இரண்டு விஷயங்களை முதல் நாளே பேசி ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். அவர் அழைத்து வருபவருக்கு விற்றால் என் தரப்பில் 1 சதவீதம். எங்கள் குடியிருப்பில் உள்ளவர்களே வாங்கினால் தரகு கிடையாது. ஆனால் யார் வாங்கினாலும் வில்லங்கச் சான்று, மூலப்பத்திர நகல்கள், சொத்து வரி ரசீது, சங்கத்தின் பாக்கியின்மைக் கடிதம், பதிவு நாள் வேலைகள் ஆகிய அனைத்தையும் அவரே முடித்துத் தர வேண்டும், அதற்குக் கூலி பதினைந்தாயிரம் ரூபாய். தரகர் வைப்பதா வேண்டாமா என்று கேட்பவர்களிடம் நான் இப்போது இந்த மூன்றாவது வழியையும் சொல்கிறேன். ஆளைக் கண்டுபிடிப்பது வேறு, காகிதம் சேர்ப்பது வேறு. முதல் வேலையை நம் மஹல்லாவும் உறவுகளும்கூடச் செய்துவிட முடியும். இரண்டாவது வேலைக்கு நடை தெரிந்த ஒருவர் வேண்டும். வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றியே பார்க்கலாம் என்பது உண்மைதான். பார்த்ததில் உள்ள ஒவ்வொரு பதிவும் என்ன சொல்கிறது, பிரிபடாத நிலப்பங்கின் அளவு பழைய பத்திரத்தோடு ஒத்துப் போகிறதா என்று சரிபார்க்கப் பழகிய கண் தேவை. கூலி இன்னதென்று முன்பே தெரிந்துவிட்டதால் அவருக்கும் எனக்கும் இடையே ஒரு நாளும் முகச்சுளிப்பு வரவில்லை.

அவர் அழைத்து வந்த ஒரு குடும்பம் நாற்பத்து இரண்டு லட்சம் என்று சொன்னது. வங்கிக் கடன் வழியாக, முழுவதும் பத்திரத்தில். அன்று இரவு எனக்கு அபூ ராஃபிஉ (ரலி) அவர்களின் செய்தி நினைவுக்கு வந்தது.

புகாரியில் உள்ள அச்செய்தி ஏறக்குறைய ஒரு பிளாட் விற்பனையைப் பற்றியது என்றே சொல்லிவிடலாம். ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்துக்குள் அபூ ராஃபிஉ அவர்களுக்கு இரண்டு குடியிருப்புகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளுமாறு ஸஅத் அவர்களிடம் அவர் கேட்கிறார். ஸஅத் அவர்கள் வாங்க மாட்டேன் என்கிறார்கள். அருகிலிருந்த மிஸ்வர் (ரலி) அவர்கள் நீங்கள் வாங்கத்தான் வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். சரி, நாலாயிரத்துக்கு மேல் தர முடியாது, அதுவும் தவணையாகத்தான் என்கிறார்கள் ஸஅத். அபூ ராஃபிஉ அவர்களுக்கோ வெளியில் ஐந்நூறு தீனார் தருவதற்கு ஆள் இருந்தது. அக்கால மதிப்பில் அது ஐயாயிரம் திர்ஹமுக்குக் குறையாது. இருந்தும், அருகிலிருப்பவருக்கே அதிக உரிமை என்று நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டிராவிட்டால் இந்த விலைக்குத் தந்திருக்க மாட்டேன் என்று சொல்லி, அவர்களிடமே கொடுத்துவிட்டார்.

இதிலிருந்து பிறந்த 'ஷுஃப்ஆ' என்னும் முன்னுரிமைச் சட்டத்தில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஹனஃபிகளிடம் அண்டை வீட்டாருக்கும் அந்த உரிமை உண்டு. ஷாஃபிஈகளிடம் பிரிக்கப்படாத சொத்தின் கூட்டாளிக்கு மட்டும். நம் நாட்டு நீதிமன்றங்களைப் பொறுத்தவரை, சென்னை உயர் நீதிமன்றம் 1870-ஆம் ஆண்டிலேயே இதை முஸ்லிம்களிடையே செல்லும் சட்டமாக ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே என்னை யாரும் வழக்குக்கு இழுக்கப் போவதில்லை. ஒரு பிளாட்டில் குடியிருப்போர் அனைவரும் கீழே உள்ள நிலத்தில் பிரிபடாத பங்குக்காரர்கள் அல்லவா, அப்படியானால் ஷாஃபிஈ மத்ஹபின்படியும் இங்கே ஷுஃப்ஆ வருமா என்ற ஐயத்தை எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டோம். அவர் சிறிது யோசித்துவிட்டு, அந்த விவாதம் ஆலிம்களுக்கு இருக்கட்டும், நீங்கள் முதலில் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கேட்பதற்கு எந்த மத்ஹபும் தடை சொல்லவில்லை என்றார். அண்டை வீட்டார் முஸ்லிம் அல்லாதவராக இருந்தாலுமா என்று கணவர் கேட்டார். அண்டை வீட்டார் அண்டை வீட்டார்தான் என்று பதில் வந்தது.

கீழ்த்தளத்தில் ஒரு அக்கா இருக்கிறார்கள். நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். என் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது நாற்பது நாளும் வெந்நீர் வைத்துக் கொடுத்தவர்கள். ஈகைத் திருநாளில் எங்கள் வீட்டு பிரியாணி அவர்களுக்குப் போகும். அவர்கள் அசைவம் உண்பதில்லை என்பதால் எப்போதும் தனிப் பாத்திரத்தில் காய்கறி பிரியாணி. மகனுக்குத் திருமணம் பேசியிருந்தார்கள். நாற்பத்து இரண்டு என்ற விலை வந்திருக்கிறது, நீங்கள் எடுப்பதானால் உங்களுக்கே என்றேன். அவர்கள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மகனுடன் வந்து, "நாப்பத்தி ஒண்ணு முடியுங்க கண்ணு. ஆனா ஒரே தடவையா முடியாது. இப்ப அஞ்சு, மிச்சத்துக்கு மூணு மாசம்" என்றார்கள்.

இங்கே உண்மையில் எனக்குத் தயக்கம் இருந்தது. முன்னுரிமை என்பது அதே விலைக்குத்தான். குறைத்துக் கொடுப்பது அபூ ராஃபிஉ அவர்களின் தாராளம், கடமை அல்ல. பாக்கிக்காரர்கள் வாசலில் நிற்கும்போது ஒரு லட்சம் சிறிய தொகையா? மூன்று மாதக் காத்திருப்பு வேறு. கணவரிடம் கேட்டேன். உன் வீடு, நீ சொல் என்று சொல்லிவிட்டுத் தையல் கூடத்துக்குப் போய்விட்டார். இரவு நூல் கடைக்காரரிடம் தாமாகவே பேசி மூன்று மாதத் தவணை வாங்கிக்கொண்டு வந்தார். அதுவே அவருடைய கருத்து என்று எடுத்துக்கொண்டேன். தரகர் பெரியவருக்கு நாற்பத்து இரண்டாயிரம் ரூபாய் தரகு கைநழுவியது. செய்தியைச் சொன்னபோது, தாளில் எழுதினதுதானுங்களே என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தார். அவர் அழைத்து வந்த குடும்பத்துக்கு வேறொரு வீடு காட்டினார்.

அச்சாரப் பத்திரம் எழுதும்போது ஆவண எழுத்தர் வழக்கமான வாசகத்தைப் போட்டிருந்தார். கெடுவுக்குள் வாங்குபவர் மீதியைச் செலுத்தாவிட்டால் முன்பணம் விற்பவருக்கே சேரும் என்பது அது. அரபியில் இதற்கு 'உர்பூன்' என்று பெயர். ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ அறிஞர்கள் இதை ஏற்பதில்லை. இமாம் அஹ்மத் அவர்கள் ஏற்கிறார்கள். ஜித்தாவில் உள்ள பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் 1993-இல் காலக்கெடு குறிப்பிடப்பட்டால் ஆகும் என்று முடிவு செய்தது. நாங்கள் ஹனஃபிகள். ஐந்து லட்சத்தை அந்த அக்காவிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும் காட்சியை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. ஒப்பந்தம் முறிந்தால் எங்களுக்கு உண்மையில் ஆன செலவை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவது என்று மாற்றி எழுதச் செய்தோம். ஒப்பந்தத்தைப் பதிவும் செய்தோம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். இன்றும் எத்தனையோ பேர் முத்திரைத் தாளில் கையெழுத்திட்டு அலமாரியில் வைத்துவிட்டு, பிறகு வழக்கு என்று அலைகிறார்கள்.

வரி விஷயத்தில் பயந்ததுபோல் ஒன்றும் ஆகவில்லை. பதினேழு லட்சம் ஆதாயம், அதில் 12.5 சதவீதம் என்றால் இரண்டு லட்சத்துக்கு மேல் போய்விடுமே என்று கவலையாக இருந்தது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, நிலத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பழைய முறையான பணவீக்கச் சரிக்கட்டலுடன் 20 சதவீதம் என்ற கணக்கையும் போட்டுப் பார்த்துக் குறைந்ததைச் செலுத்தலாம் என்று தணிக்கையாளர் விளக்கினார். 2013-14-க்கான குறியீடு 220. 2025-26-க்கு 376. இருபத்து நான்கு லட்சத்தை அதன்படி பெருக்கினால் நாற்பத்தொரு லட்சத்தைச் சற்றே தாண்டியது. வரி இல்லை. மகிழ்ச்சியோடு கூடவே ஒரு வியப்பும் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக வீடு விலை ஏறிவிட்டது, ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தோம். அரசின் கணக்குப்படி அது நின்ற இடத்திலேயே நின்றிருந்திருக்கிறது.

ரமலானுக்கு முந்தைய வாரம் பதிவு முடிந்தது. இதற்கு முன்பே நடந்த ஒன்றைக் கடைசியாக எழுத வைத்திருந்தேன். எழுதலாமா என்று கணவரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன்.

இந்த நாற்பத்தொரு லட்சத்தில் பதினெட்டு லட்சம் அவருடைய தொழில் பாக்கிக்குப் போகப் போகிறது. அது என்ன? அன்பளிப்பா, கடனா, பங்கா? நம் வீடுகளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நகை போகிறது, வாரிசுப் பங்கு போகிறது, எல்லாம் குடும்பத்துக்குத்தானே என்ற ஒரு சொல்லில் கரைந்துவிடுகிறது. பிறகு இருபது ஆண்டுகள் கழித்து ஒரு மரணமோ ஒரு மணமுறிவோ நேரும்போது, அது அவள் பணம் என்று சொல்ல ஒரு துண்டுத் தாளும் இருக்காது. என் சொந்தத்திலேயே இரண்டு பெண்கள் அவ்வாறு நின்றதைப் பார்த்தவள் நான். ஆண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு, பெண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு என்று அந்நிஸா அத்தியாயம் பிரித்துச் சொல்கிறது. கடனை எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் அல்பகராவின் 282-ஆம் வசனமோ குர்ஆனிலேயே மிக நீளமானது. கணவன் மனைவிக்கு விலக்கு என்று அதில் எங்கும் நான் காணவில்லை.

எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. என்னை நம்பவில்லையா என்று கேட்டார். மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. மாமியார்தான் ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு அவரை அருகில் உட்கார வைத்துப் பேசினார். ஓதத் தெரிந்த அளவுக்கு எழுதத் தெரியாதவர் அவர். தம் மாப்பிள்ளை நன்னாவின் காலத்தில் தம் நகைகளை விற்றுப் போட்ட முதல் தறி யார் பெயரில் இருந்தது, பிறகு யாருக்குப் போயிற்று என்று அந்த இரவில்தான் முதல் முறையாகச் சொன்னார். நாங்கள் இருவருமே அதுவரை கேள்விப்பட்டதில்லை. மறுநாள் காலை கணவர் தாமாகவே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வந்தார்.

பதினெட்டு லட்சத்தில் மூன்று லட்சத்தை நான் அன்பளிப்பாகக் கொடுத்தேன். அதையும் அன்பளிப்பு என்றே எழுதினோம். பதினைந்து லட்சம் வட்டியில்லாக் கடன், கர்ளு ஹஸன். மாதம் இருபதாயிரம். ஆர்டர் இல்லாத மாதத்தில் கேட்பதில்லை, கணக்கில் மட்டும் நிற்கும். அவர் தம்பியும் ஹஜ்ரத்தும் சாட்சிகள். பணம் என் வங்கிக் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு நேராகச் சென்றது. எஞ்சிய தொகையில் சிறிய இடம் ஒன்றை வாங்கிப் போட வேண்டும். வீட்டை விற்றவர் அப்பணத்தை அதுபோன்ற ஒன்றிலேயே போடாவிட்டால் அதில் பரக்கத் இருக்காது என்று இப்னு மாஜாவில் வரும் செய்தியின் தரத்தைப் பற்றி அறிஞர்கள் பேசுகிறார்கள் என்றாலும், என் அத்தாவின் நிலம் கையில் ரொக்கமாகத் தங்கிக் கரைவதை நான் விரும்பவில்லை. ஓராண்டு கையில் இருந்தால் ஜகாத்தும் கொடுக்க வேண்டும்.

பழைய கம்பெனி பாதி அளவு துணி அனுப்பத் தொடங்கியிருக்கிறது. ஷவ்வால் மாதத் தவணையாக இருபதாயிரமும் வந்தது. அடுத்த மாதம் பன்னிரண்டாயிரம்தான் முடிந்தது. அந்தத் தாளின் பின்பக்கத்தில் இருவரும் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறோம்.